முதலில் ஓடுகிறவள்

ஆண்டர்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.
9 மார்ச் 2025

அத்தை,

என் இடது கண் போனதற்குக் காரணம் நீங்கள்.

இதை முதலில் எழுதிவிட்டேன். இனி ஜெய்பீம் சொல்லலாம், நலம் விசாரிக்கலாம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? பெல்ட்டைக் கட்டிக்கொள்கிறீர்களா, அல்லது மறுபடியும் பைக்குள்ளேயே வைத்திருக்கிறீர்களா?

உங்கள் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்து உங்கள் குரலுக்கு ஓடிப் பழகியவள் நான். போனில் நீங்கள் ‘இளா’ என்று கூப்பிட்டால், சொல்ல வந்ததை விட்டுவிட்டு ‘சரிங்கத்தை’ என்று சொல்லிவிடுவேன். அதனால் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதுங்கள்.

நான் சரசு பெரியம்மா வீட்டில் இருக்கிறேன். பெங்களூரில், நம் ஜீவனஹள்ளி வீட்டில் இருக்க முடியவில்லை. தெருவில் எதிரே வருபவர்கள் என் முகத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று தடுமாறுகிறார்கள். இங்கே ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிறேன். ஊசியில் நூல் கோர்க்க பெரியம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறேன். ஒரு கண்ணால் பார்த்தால் தூரம் தெரிவதில்லை.

நேற்று பெரியம்மா கேட்டார்: “அது இன்னாடி ஆட்டம், பந்து வர்ற பக்கமே ஓடறது?” விளக்கினேன். ஹாக்கியில் பெனால்டி கார்னர் என்றால் எதிர் டீமின் ஒருத்தி கோலைக் குறிவைத்துப் பந்தை ஓங்கி அடிப்பாள், நாங்கள் நாலு பேர் கோல் கோட்டிலிருந்து ஓட வேண்டும், அதில் முதலில் ஓடுகிறவள் நேராகப் பந்துக்கு எதிரே ஓட வேண்டும், அவளுக்கு ஃபர்ஸ்ட் ரன்னர் என்று பெயர், அது நான். “மூஞ்சிக்கு ஒண்ணும் போட மாட்டாங்களா?” என்றார். மாஸ்க் போடுவோம் என்றேன். “அப்புறம் எப்படி?” என்றார். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. ‘வீராங்கனை தானே முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஓடினார். இது ஒழுங்கீனம்.’ டீமிலிருந்து நீக்கிவிட்டார்கள். இந்த வருட சர்டிஃபிகேட் கிடையாது. கூடவே, டீம் கோச் என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட சாட்சி வாக்குமூலம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளவேனில்

•

ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ், பெங்களூரு
30 மார்ச் 2025

அன்பு இளாவுக்கு,

ஜெய்பீம். நான் நலம். நீயும் சரசு அக்காவும் நலமாக இருக்க வேண்டும். அக்காவின் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன். கோபம் இருக்கத்தான் செய்யும்.

கண்ணுக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை நிறுத்தாதே. முருங்கைக்கீரை சேர்த்துக்கொள். வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி போடு. எனக்குத் தெரிந்த கண் டாக்டர் ஒருவர் இருக்கிறார், கேட்டு வைத்திருக்கிறேன். இங்கே கிரவுண்டு டர்ஃபுக்குத் தண்ணீர் விடுவதில்லை. தண்ணீர்ப் பஞ்சம் என்று நிறுத்திவிட்டார்கள். பெண்கள் விழுந்தால் முழங்கால் தோல் பெயர்ந்து வருகிறது. உன் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, நீ சொன்னால் கேட்பான், சொல்.

ஒரு விஷயம். பல்கலைக்கழக டிபார்ட்மெண்ட் முகவரிக்கு எழுதாதே. ஆபீஸில் ராம்கி எல்லாத் தபாலையும் பிரித்துப் பார்ப்பான். மேலே ‘அத்தை’ என்று வேறு எழுதியிருக்கிறாய். குவார்ட்டர்ஸ் முகவரிக்கு எழுது.

பிளாக்கை எடுத்துவிடு. பேசினால் சரியாகும்.

அத்தை

•

கே.ஜி.எஃப்.
6 ஏப்ரல் 2025

அத்தைக்கு,

ஜெய்பீம். பெரியம்மாவின் மூட்டு வலி அப்படியே இருக்கிறது, கேட்டதாகச் சொன்னேன். உங்கள் முதுகைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

ராம்கி பிரித்துப் பார்த்தால் என்ன? மூன்று வருடம் கிரவுண்டில் உங்களை ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டேன். நான் உங்கள் அண்ணன் மகள் என்று ஒருத்திக்கும் சொல்லவில்லை. “தெரிஞ்சா சொந்தக்காரிய எடுத்துட்டான்னு பேசுவாங்க கண்ணு” என்றீர்கள். நியாயம் என்று நினைத்தேன். யாரும் பேசக்கூடாது என்று எனக்கு மட்டும் கூடுதலாக நாலு ரவுண்டு ஓட வைத்தீர்கள். அதையும் பெருமையாக ஓடினேன்.

விசாரணைக் கமிட்டியிலும் மேடம்தான். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னை ‘தி பிளேயர்’ என்றீர்கள். முகத்தில் கட்டுப் போட்டிருந்ததால் நீங்கள் இருந்த பக்கம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. ‘மாஸ்க்கை நீயே உன் கையால் கழற்றினாயா?’ என்று என்னைக் கேட்டார்கள். தலையாட்டினேன். அது உண்மைதான், என் கைதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல என் வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

ஏன் சொல்லவில்லை?

இளவேனில்

•

பெங்களூரு
15 ஏப்ரல் 2025

அன்பு இளாவுக்கு,

ஜெய்பீம். நலம்தானே? முதுகு பரவாயில்லை, குனிந்தால் மட்டும் பிடிக்கிறது.

நேற்று ஜீவனஹள்ளியில் ஜெயந்தி விழா. பாபாசாகேப் படத்தை டெம்போவில் வைத்து மர்பி டவுன் வரை ஊர்வலம் போனார்கள், தமட்டைச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. என்னை மேடையில் ஏற்றினார்கள். காரணத்தை உன் அப்பா சொல்லியிருப்பான். இம்மாதம் முதல் வாரம் ஆர்டர் வந்தது. பல்கலைக்கழக மகளிர் ஹாக்கி அணிக்கு நான் தலைமைப் பயிற்சியாளர், நிரந்தரப் பணி. பதினான்கு வருடம் கான்டிராக்டில் பெண்களின் பிப் பனியனைத் துவைத்து, கோன் அடுக்கி, மணிக்கணக்கில் கூலி வாங்கியவளுக்கு இப்போது தனி அறை, கதவில் பெயர்ப்பலகை. ‘சங்கமித்ரா’ என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார்கள்.

மைக்கில் ஒருவர், “நம்ம தெருவுல புளியங்கொம்ப வளைச்சி ஆடுன பொண்ணு இன்னைக்கு ஹெட் கோச்சு!” என்றார். எல்லோரும் விசில் அடித்தார்கள். ஆளுயர ரோஜா மாலை. வீட்டுக்குக் கொண்டுவர மனம் வரவில்லை. ஆட்டோவிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். டிரைவர், “அக்கா, ஹார மர்த்பிட்ரி!” என்று, மாலையை மறந்துவிட்டதாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டத்தில் சில பேர் உன்னைப் பற்றிக் கேட்டார்கள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

கீரை சாப்பிடுகிறாயா?

அத்தை

•

கே.ஜி.எஃப்.
2 மே 2025

அத்தைக்கு,

ஜெய்பீம். கீரை சாப்பிடுகிறேன். கண் திரும்பி வரவில்லை.

அப்பா போன் செய்தார். மைசூர்பாகு வாங்கிக்கொண்டு உங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாராம். “நீ இருந்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பே! உங்க அத்தை ரூமுல ஏசி இருக்குது தெரியுமா?” என்றார். பெயின்ட் வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் என் தங்கச்சி ஹெட் கோச் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். மகள் ஆர்வக்கோளாறில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டாள் என்று நம்புகிறார். “நீ கொஞ்சம் அவசரக்குடுக்கைதான், அத்தைக்குத்தான் கெட்ட பேரு” என்கிறார்.

உங்களுக்கு மறந்திருக்காது. ஆனாலும் எழுதுகிறேன்.

மைசூரு, காலிறுதி. ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடங்களில் பெனால்டி கார்னர் நமக்கு எதிராக. அதற்கு முந்தைய கார்னரில் என் மாஸ்க்குக்குள் மூச்சுப் படிந்து எதிரே சரியாகத் தெரியவில்லை, அரை அடி தாமதமாகப் போனேன், கோல் விழாமல் தப்பித்தோம். இந்த முறை மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பெஞ்சைப் பார்த்தேன். நீங்கள் எழுந்து நின்றீர்கள். இரண்டு விரலைக் கன்னத்தில் வைத்து வெளியே தள்ளினீர்கள்.

அந்த சைகை நம் டீமில் எல்லோருக்கும் தெரியும். பிராக்டிஸில் தினமும் காட்டுவீர்கள். கழற்று என்று அர்த்தம். “மாஸ்க் போட்டுக்கினு ஓடறவ பாதி தூரம்தான் ஓடுவா. முதல்ல மூஞ்சிய காட்டி ஓடக் கத்துக்க, அப்புறம் மாட்டிக்க.” ஆறு மாதம் இப்படித்தான் ஓடினோம். பிராக்டிஸில் கழற்றுவோம், மேட்சில் மாட்டுவோம். மேட்சில் அந்த சைகையை நீங்கள் ஒருமுறைகூடக் காட்டியதில்லை. அன்று காட்டினீர்கள். கழற்றி கோல் வலைக்குள் வீசினேன். பயமே இல்லை. எனக்கு மட்டும் காட்டுகிறீர்களே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

பந்தைத் தடுத்தேன். கண்ணால் தடுத்தேன்.

காட்டினீர்களா, இல்லையா? இதை மட்டும் எழுதுங்கள்.

இளவேனில்

•

பெங்களூரு
20 ஜூலை 2025

அன்பு இளாவுக்கு,

ஜெய்பீம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அட்மிஷன், டிரையல்ஸ், ஹாஸ்டல் சீட்டுக்கு அலைச்சல். அக்காவுக்கு மூட்டுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், வந்ததா?

புதிதாக ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். நீலசந்திராவிலிருந்து ஆஞ்சலா என்று ஒரு பெண். அம்மா வீட்டு வேலை செய்கிறார். எலும்பும் தோலுமாக இருக்கிறாள், ஆனால் காற்று மாதிரி ஓடுகிறாள். லாயிட் சார், அவர்தான் இப்போதும் டைரக்டர், “எங்கே பிடிச்சே சங்கா இவளை?” என்றார்.

நீ கேட்டது. எனக்கு நினைவிருக்கிறவரை, கன்னத்தில் வியர்வை. துடைத்தேன். உனக்கு அந்த நேரத்துப் பதற்றத்தில் வேறு மாதிரி தெரிந்திருக்கலாம். நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்தால் உடம்புதான் கெடும்.

தூரக்கல்வியில் டிகிரியை முடித்துவிடு. கட்டணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தை

•

கே.ஜி.எஃப்.
27 ஜூலை 2025

அத்தைக்கு,

ஜெய்பீம். தைலம் வந்தது.

ஜனவரி மாதம். காலை முதல் ஆட்டம். புல்லில் பனி. நீங்கள் ஸ்வெட்டருக்கு மேல் டிராக் சூட் மாட்டி, காதைச் சுற்றி மஃப்ளர் கட்டியிருந்தீர்கள்.

வியர்வையா?

இளவேனில்

•

பெங்களூரு
31 ஆகஸ்ட் 2025

அன்பு இளாவுக்கு,

ஜெய்பீம். இங்கே மழை நிற்கவில்லை. உனக்குச் சளி பிடித்திருக்கிறதாக அண்ணன் சொன்னான். மிளகுக் கஷாயம் வைத்துக் குடி.

நான் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வேன், நீ சின்னப் பிள்ளையில் அதைப் பார்த்து நடித்துக் காட்டுவாய். எல்லோரும் சிரிப்பார்கள். வெட்கம் என்று எல்லோருக்கும் நினைப்பு.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. மாநில டீமுக்கு டிரையல்ஸ். அந்தக் காலத்தில் மாஸ்க் எல்லாம் கிடையாது. கோச் வந்து வரிசையாக நிற்கிற எங்களைப் பார்த்தார். கான்வென்ட் பெண்கள், எஸ்டேட் வீட்டுப் பெண்கள், பேங்க் ஆபீசர் மகள்கள். கடைசியில் நான். முதலில் ஓடும் இடத்துக்கு வேறு யாரையும் ஓடவிட்டுப் பார்க்கவில்லை. “நீ ஜீவனஹள்ளிதானே? நீ ஓடு” என்றார். எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது. எங்கள் ஏரியாக்காரிகளுக்குப் பயம் கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். இரண்டு சீசன் ஓடினேன். இரண்டாவது சீசனில் பந்து வாயில் விழுந்தது. முன்பல் இரண்டும் புல்லில் கிடந்தன. கோச் கர்ச்சீப் கொடுத்து முதுகில் தட்டினார். நேஷனல் கேம்ப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. முகத்தில் அடிபட்டவளுக்கு உள்ளே பயம் வந்துவிடும் என்றார்களாம்.

பயம் வரவில்லை என்று காட்டத்தான் கோச் ஆனேன் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த ஒரு வழிதான் தெரியும். அது சரி என்று இத்தனை நாள் இருந்தேன்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சளியைக் கவனி.

அத்தை

•

கே.ஜி.எஃப்.
10 செப்டம்பர் 2025

அத்தைக்கு,

ஜெய்பீம். சளி போய்விட்டது. உங்கள் பல்லைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நான் நடித்துக் காட்டியதற்கு மன்னித்துவிடுங்கள். அந்த இடத்தைப் படித்ததும் அழுகை வந்தது. உடனே எனக்கு ஆத்திரமும் வந்தது.

நீங்கள் பயிற்சி கொடுத்த டீம்களில் ஃபர்ஸ்ட் ரன்னர் யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். எனக்கு முன்னால் ஜெயலட்சுமி, மர்பி டவுன். அதற்கு முன்னால் சீதாலட்சுமி, அவளும் ஜீவனஹள்ளி, நம் தெருவுக்குப் பின் தெரு. அவளுக்கு முன்னால் பிரபா அக்கா, நீலசந்திரா. காரில் வந்து இறங்குகிறவள் ஒருத்தியும் இல்லை. அவர்கள் கோல் அடிப்பார்கள், பேப்பரில் போட்டோ வரும். அடி வாங்கும் இடத்தில் மட்டும் நம் ஆட்கள். லாயிட் சார் சொன்னாரா அப்படிப் போடச் சொல்லி? வைஸ் சான்சலர் சொன்னாரா? யாரும் சொல்லவில்லை அத்தை. நீங்களேதான் போட்டீர்கள். உங்களை அந்த வரிசையில் கடைசியில் பார்த்தவர் எப்படிப் பார்த்தாரோ, அதே கண்ணால்தான் எங்களைப் பார்த்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஞ்சலா போன் செய்தாள். என் நம்பரை யாரிடமோ வாங்கியிருக்கிறாள். “அக்கா, மேடம் என்னை ஃபர்ஸ்ட் ரன்னர்ல போட்டுட்டாங்கக்கா! உங்க எடம்! செமல்ல?” என்றாள். “மாஸ்க்?” என்று கேட்டேன். “பிராக்டிஸ்ல எதுக்குக்கா? மேடம் ஒரு கை காட்டுவாங்க பாரு, தூக்கிப் போட்டுட்டு ஓடிடுவேன்” என்று சிரித்தாள். “சூப்பர்டி” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அந்த அளவுக்கு சந்தோஷமாக இருந்தாள். நானும் உங்களை மாதிரிதான் ஆகிவிட்டேன் என்று அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

மேல்முறையீடு போட்டிருக்கிறேன். நவம்பர் பதினான்காம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு விசாரணை. உங்களையும் கூப்பிடுவார்கள். முன்கூட்டியே சொல்கிறேன், பின்னால் திடீரென்று செய்துவிட்டாள் என்று இருக்கக்கூடாது.

இளவேனில்

•

பெங்களூரு
19 அக்டோபர் 2025

இளா,

காட்டினேன்.

வியர்வை இல்லை. முந்தின கார்னரில் நீ தாமதமானதைப் பார்த்தேன். செமி ஃபைனலுக்குப் போனால் என் ஃபைல் நகரும் என்று லாயிட் சார் சொல்லியிருந்தார். அதுவும் மனதில் இருந்தது. விரல் தானாகப் போனது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தானாகப் போகவில்லை. உன்னைப் பார்த்து, யோசித்துத்தான் காட்டினேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுதியதற்கே அர்த்தம் கிடையாது. அந்த இடத்தில் மற்ற பெண்கள் யாராவது நின்றிருந்தால் காட்டியிருக்க மாட்டேன். அவர்களுக்கு ஒன்று ஆனால் மறுநாளே அப்பா அம்மா வக்கீலோடு வந்து நிற்பார்கள். என் அண்ணன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் லாயிட் சார் பேப்பரை நீட்டினார். “பொய் ஒண்ணும் இல்லையேம்மா சங்கா? அவ கையாலதானே கழட்டினா? அவ்ளோதான் எழுதியிருக்கு” என்றார். உள்ளே உனக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து என் பர்ஸை மடியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தான். நான் பாத்ரூம் போயிருக்கிறேன் என்று நினைத்தான். அந்த நேரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நாற்பத்தைந்து வயதாகிறது. இந்த வேலை போனால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. அந்த மேடையில் விசில் அடித்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஜெயலட்சுமி வீட்டிலும் பிரபா வீட்டிலும் என்ன சொல்வேன்? அண்ணனிடம் என்ன சொல்வேன்?

உனக்கு வேண்டியதைச் செய்கிறேன். வேலைக்கு ஏற்பாடு செய்கிறேன். என் பெயரில் இருக்கிறது எல்லாம் உனக்குத்தான், யாருக்கு இருக்கிறது வேறு? மேல்முறையீட்டை மட்டும் வாபஸ் வாங்கிவிடு. படித்ததும் இதைக் கிழித்துப் போடு. உன் அப்பா கண்ணில் பட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணு.

அத்தை

•

கே.ஜி.எஃப்.
26 அக்டோபர் 2025

அத்தைக்கு,

ஜெய்பீம். நீங்கள் தூங்குகிறீர்களா? உங்கள் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. உடம்புக்கு என்ன என்று பெரியம்மா கேட்டார்.

உங்கள் கடிதத்தை இந்தக் கவரிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். கிழிக்கவில்லை, ஜெராக்ஸ் எடுக்கவில்லை. பெரியம்மா இதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கமிட்டி மேஜையில் போடு என்கிறார். “அவ கையெழுத்துதானடி, அப்புறம் இன்னா?” என்று சண்டை. போடமாட்டேன். உங்களைக் கடிதத்தால் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினால், அதையும் எப்படியாவது லாயிட் சார் சரிக்கட்டிவிடுவார். எனக்கு ஒரு கண் போய்விட்டது, நீங்கள் மாட்டிக்கொள்வதைப் பார்த்து அது வரப்போவதில்லை.

எனக்கு உங்கள் வேலை ஏற்பாடு வேண்டாம். உங்கள் பெயரில் இருப்பது வேண்டாம். நீங்கள் மூன்று மணிக்கு வர வேண்டும். உங்கள் வாயால் சொல்ல வேண்டும். நான் காட்டினேன், என் அண்ணன் மகள், அவள் கேட்டு நடந்தாள் என்று. கன்னடத்தில் சொல்லுங்கள், இங்கிலீஷில் சொல்லுங்கள், எப்படியோ சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டால் நாளைக்கு ஆஞ்சலாவைப் பார்த்து அந்த விரலைத் தூக்க உங்களால் முடியாது. எனக்கு அது போதும்.

உங்கள் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் போகவில்லை. ஆனால் அண்ணன் வரமாட்டான் என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியை எழுதியவர் வேறு யாரோ இல்லை, நீங்கள்தான். அவ்வளவு எழுத முடிந்தவரால் சொல்லவும் முடியும்.

வருகிறேன் என்று ஒரு கார்டு போடுங்கள். முதுகுக்கு பெல்ட் கட்டுங்கள்.

இளவேனில்

•

ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ், உங்கள் வாசல்
14 நவம்பர் 2025

அத்தை,

கார்டு வரவில்லை. அதனால் காலை ரயிலில் கிளம்பி வந்தேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் அப்பா காத்திருந்தார். விசாரணைக்கு என்றதும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார், உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு டஜன் ஏலக்கி வாழைப்பழம் வேறு. ஆட்டோவில் வரும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவர் கத்தவில்லை. ஜீவனஹள்ளி ரயில்வே கேட் தாண்டும்வரை வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “உங்க அத்தை வாயால கேட்டுக்கறேன்” என்றார். அவ்வளவுதான்.

டிபார்ட்மெண்டில் நீங்கள் லீவ் என்றார்கள். மேடத்துக்குக் காய்ச்சல் என்று ராம்கி சொன்னான். நான் யார் என்று கேட்டான். அண்ணன் மகள் என்றேன். அவனுக்குப் புரியவில்லை, இரண்டு முறை கேட்டான்.

காய்ச்சல் என்றால் அது உண்மையாகவே காய்ச்சலாக இருக்கட்டும், நான் மருந்து வாங்கி வருகிறேன். ஆனால் உங்கள் செருப்பு வெளியே இருக்கிறது. உள்ளே ஃபேன் சத்தம் கேட்கிறது. நான் இரண்டாவது முறை பெல் அடித்தபோது ஃபேன் நின்றது. நீங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருக்கிறீர்கள். கீழ் இடுக்கில் நிழல் தெரிகிறது. எனக்கு அந்த அளவுக்குத் தெரியும்.

அப்பா பழத்தை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். பெல் அடிக்க வேண்டாம், அவளே வருவாள் என்கிறார். அதனால்தான் இதை எழுதி உள்ளே தள்ளுகிறேன். கமிட்டி ரூமுக்கு இங்கிருந்து நடக்கிற தூரம்தான். இன்னும் நேரம் இருக்கிறது. மூன்று பேரும் சேர்ந்தே போகலாம். கேட்டில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

கதவைத் திறங்கள்.